யாரைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதில்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். ஆணுறை பற்றி எப்படிப் பேச்செடுப்பது, ரத்தப் பரிசோதனைக்கு ஒருவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். ஆரம்பத்தில் கூச்சமாக இருக்கும். லாரி ஸ்டாண்டில் நாலு பேர் சிரிப்பார்கள். சிரித்தவர்களே அப்புறம் தனியாக வந்து கேட்பார்கள். அதெல்லாம் தானாகப் பழகிவிடும்.

எனக்குக் கடைசிவரை பழகாத ஒன்று உண்டு. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் காய்கறி லாரி ஓட்டியவன். கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களிலிருந்து கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு என்று ஏற்றிக்கொண்டு மலையிறங்குவது என் தொழில். அந்தக் காலத்தில்தான் எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. தெரிந்ததும் மனைவியிடம் சொன்னேன். அவளைப் பரிசோதித்துப் பார்த்தார்கள், அவளுக்கு இல்லை. கொஞ்ச நாள் கழித்து வத்தலக்குண்டில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை. அவள் செய்தது தப்பென்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மாத்திரை சாப்பிட ஆரம்பித்து உடம்பு தேறியபின், டிரைவர்களிடம் பேச ஒரு டிரைவரே வேண்டும் என்று என்னை இந்த வேலைக்குக் கூப்பிட்டார்கள். கூட்டங்களில் எழுந்து நின்று, எனக்கு இருக்கிறது என்று சொல்லித்தான் பேச்சையே தொடங்குவேன். அப்படிச் சொன்னால்தான் எதிரில் இருப்பவன் காது கொடுப்பான்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. என்னோடு நின்று பேசுகிறவனையும் ஊர் ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கியது. ஒரு தைப்பூசத்தின்போது பழனி அடிவாரத்தில் எனக்கு நன்றாகப் பழக்கமான டிரைவர் ஒருவரைப் பார்த்தேன். மனைவி, பிள்ளைகளோடு வந்திருந்தார். லாரி ஸ்டாண்டில் மணிக்கணக்கில் என்னிடம் மனசு விட்டுப் பேசுகிறவர். பழக்க தோஷத்தில் சிரித்துவிட்டேன். அவர் முகம் வெளிறிப் போனது. "யாருங்க அது?" என்று அந்த அம்மா கேட்பதும், "தெரியல, யாரோ" என்று அவர் சொல்வதும் கூட்ட இரைச்சலிலும் என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து வெளியிடங்களில் நானே முதலில் பார்வையைத் திருப்பிக்கொள்வேன். கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினேன். நீங்களும் இதற்குத் தயாராக இருங்கள். உங்களை நம்பி எல்லாவற்றையும் சொன்னவர்கள்தான் தெருவில் உங்களைத் தெரியாதவர்கள்.

இனி தண்டபாணியின் கதைக்கு வருகிறேன். பெயர், ஊர், சொந்த விவரங்கள் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன். போளூர் என்று எழுதினால் அது போளூர் இல்லை. யார் என்று தேட வேண்டாம்.

தண்டபாணி மேல்மலையில் இருக்கும் போளூர்க்காரன். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்து அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் சரக்கைக் கொடைக்கானலுக்கும் கீழேயும் கொண்டுபோவான். என்னை 'அண்ணே' என்பான். ஒரு முகாமில் என் பேச்சைக் கேட்டுவிட்டு, அவனே வந்து பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும் என்று விசாரித்தான். அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். முடிவு வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த சீகை மரத்தடியில் உட்கார்ந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் கையை விடச் சொல்லவில்லை. பிறகு மாத்திரை தொடங்கினான். ஒழுங்காகச் சாப்பிட்டான். ஆள் பழையபடி ஆனான். மூட்டைகளைத் தானே தூக்கிப் போடுவான். பார்க்கிற யாருக்கும் சந்தேகம் வராது.

ஒருநாள் பெருமாள்மலை டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். அடுக்கம் ரோடு பிரிகிற இடம். பஸ்ஸை விட்டு இறங்கிய ஒரு பெரியவர் நேரே என்னிடம் வந்தார். அடுக்கத்துக்காரர், காப்பியும் மலைவாழையும் போட்டிருக்கிறவர். முகம் மட்டும் எனக்குத் தெரியும்.

"தம்பி, ஒரு நிமிசம் இப்படி வாங்க" என்று ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனார். "எம் மகளுக்கு ஒரு சம்மந்தம் வந்திருக்கு. போளூர்ப் பையன். தண்டபாணின்னு பேரு. நெலம் கெடக்கு, நல்ல குடும்பம்ங்கறாங்க. வண்டி ஓட்டுறவங்கறதுதான் மனசுக்கு ஒரு உறுத்தலா இருக்கு. டிரைவருக சங்கதியெல்லாம் ஒங்களுக்குத் தெரியாம இருக்காது. பையன் எப்படி?"

எப்படி என்று அவர் எதைக் கேட்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது என்பது அவருக்கும் தெரிந்தது. இந்த மாதிரி நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது. பதில் சொல்லத் தாமதித்தால் அந்தத் தாமதமே பதிலாகிவிடும்.

"ஐயா, எங்கிட்ட யாரப் பத்தியும் கேக்காதீங்க. யாரக் கேட்டாலும் நான் பதில் சொல்றதில்ல" என்றேன். "எந்தப் பையனா இருந்தாலும், எந்தப் பொண்ணா இருந்தாலும், கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் போயி ரத்தம் குடுத்துப் பாத்துக்கறது நல்லது. எல்லாருக்கும் இதத்தான் சொல்றேன்."

அவர் கெட்டிக்காரர். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, அத விடுங்க. பெரியகுளத்துலருந்து இன்னொரு சம்மந்தமும் வந்திருக்கு. மெக்கானிக்குப் பையன்." ஒரு பெயரைச் சொன்னார். "அவன் எப்படி?"

அந்தப் பையனை நான் கண்டதுமில்லை, கேள்விப்பட்டதுமில்லை. 'தெரியாதுங்க' என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. உண்மையும் அதுதான். ஆனால் அதைச் சொல்லியிருந்தால் அவர் கேட்க வந்த விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஒருவனைத் தெரியாது என்கிறான், இன்னொருவனைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிறான் என்றால் அர்த்தம் என்ன?

"ஐயா, யாரக் கேட்டாலும் பதில் சொல்றதில்ல."

"அவனத் தெரியாதுன்னாச்சும் சொல்லலாம்ல?"

"அதையும் சொல்ல மாட்டேங்க."

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு பொண்ணோட வாழ்க்கைய்யா. ஒம் மகளா இருந்தா இப்படி நிப்பியா?" என்று டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சத்தம் போட்டுவிட்டு, அடுக்கம் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். டீயை வைத்துவிட்டு நானும் கிளம்பினேன்.

ஒரே பதில்தான் சொல்ல வேண்டும் என்பதை இங்கே நன்றாகக் கவனியுங்கள். யாராவது ஒருத்தனுக்கு நல்ல சர்டிபிகேட் கொடுத்துவிட்டால், பிறகு நீங்கள் வாயை மூடிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் ஒருத்தனைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். ஆனால் அந்த மகள்? எனக்குத் தூக்கம் கெட்டது அவளால்தான். அவள் பெயர் வளர்மதி. கொடைக்கானலில் ஒரு சாக்லேட் கடையில் வேலை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டேன். யாரிடமும் யோசனை கேட்க முடியாது. கேட்டால் அதுவே சொன்னதாகிவிடும்.

தண்டபாணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி செய்தேன்; எடுக்கவே இல்லை. வீட்டுக்குப் போகலாம் என்றால் என்னை அவன் வாசலில் பார்த்த மறுநிமிடம் போளூர் முழுக்கப் பேச்சாகிவிடும். இதற்குள் பூ வைத்துவிட்டார்கள், தேதி குறிக்கப் போகிறார்கள் என்று லோடுமேன்கள் பேசிக்கொண்டது காதுக்கு வந்தது.

மன்னவனூரைத் தாண்டி ஒரு வளைவு. பக்கத்தில் வீடில்லை, கடையில்லை. தண்டபாணி சரக்கோடு வருகிற நாளில், வெள்ளனே பஸ் ஏறிப் போய் அங்கே நின்றேன். மழை தூறிக்கொண்டே இருந்தது. பிக்கப் வந்தது. என்னைப் பார்த்தும் தாண்டிப் போனது. கொஞ்ச தூரம் போய் நின்றது. மழையில் நிற்கிறவனை விட்டுப் போக மேல்மலைக்காரனுக்கு மனசு வராது.

ஏறி உட்கார்ந்தேன். வண்டிக்குள் பூண்டு வாசனை கண்ணைக் கரித்தது. அவன் என் பக்கம் திரும்பவில்லை.

"அந்தப் பொண்ணோட அப்பன் ஒன்னைய வந்து பாத்தானாம்ல? என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லியிருந்தா பூ வச்சிருப்பாங்களாடா?"

வைப்பர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

"நான் சொல்லலடா. இனியும் சொல்ல மாட்டேன். ஆனா நீ சொல்லணும். தாலி கட்டறதுக்கு முன்னாடி சொல்லணும்."

"சொன்னா எவ அண்ணே கட்டுவா?" அவன் குரல் உயர்ந்தது. "மாத்திர சாப்பிடுறேன். நல்லாத்தான இருக்கேன்? நீ பொண்டாட்டிகிட்டச் சொன்ன. என்ன ஆச்சு? வாடக ரூமுல தனியா ஆக்கித் தின்னுக்கிட்டுக் கெடக்க. நானும் அப்படிக் கெடக்கணுமா?"

கவுன்சிலிங்கில் இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வரிசை வைத்திருப்பார்கள். அவன் முன்னால் அது எதுவும் நிற்காது. சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நானே அவன் பக்கத்தில் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறேன். 'அவ புரிஞ்சுக்குவா, போகமாட்டா' என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதை நம்பி அவன் சொல்லியும் இருப்பான். எனக்கு வாய் வரவில்லை.

"போயிருவா" என்றேன். "அநேகமா போயிருவான்னுதான் எனக்கும் தோணுது."

அவன் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தான்.

"அப்புறம் எதுக்குச் சொல்லச் சொல்ற?"

"மாத்திரைய எங்க ஒளிச்சு வைப்ப? பூண்டு மூட்டைக்குள்ளயா? எத்தன வருசத்துக்கு? அவ ஒவ்வொரு தடவ அலமாரியத் தெறக்கும்போதும் ஒனக்கு ஈரக்கொல நடுங்குமே. வீட்டுக்குள்ள ரெண்டு பேரு இருந்தும் நீ தனியாத்தான் இருப்ப. என்னைய விடத் தனியா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டேன். "நோய் இருந்தா கல்யாணம் கூடாதுன்னு எவனும் சொல்லல. ஒழுங்கா மாத்திர சாப்பிட்டு, டாக்டர் சொல்றபடி நடந்தா, புருசன் பொண்டாட்டி புள்ளகுட்டின்னு நல்லா இருக்கலாம். ஆனா அது ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு செய்யிற காரியம். அவ ஒடம்பு விசயத்துல அவளக் கேக்காம நீ முடிவெடுக்க முடியாது."

மிச்சம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்னால் அவனை இழந்துவிடுவேன் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

"நீ சொல்லலன்னா, இப்படி ஒரு கல்யாணம் நடக்கப் போகுதுன்னு ஒனக்கு மருந்து குடுக்கிற டாக்டரம்மாவுக்கு நான் சொல்லுவேன். முதல்ல ஒன்னக் கூப்பிட்டுப் பேசுவாங்க. நீ கேக்கலன்னா, ஒங்கிட்டச் சொல்லிட்டு அந்தப் பொண்ணுக்குத் தெரியப்படுத்த அவங்களுக்குச் சட்டத்துல வழி இருக்கு. எனக்கு அந்த உரிம இல்ல. ஒன் முதுகுக்குப் பின்னால போயிச் செய்யக் கூடாதுன்னுதான் இப்பவே சொல்றேன்."

"மிரட்டுறியா?"

"மறைக்காமச் சொல்றேன்."

அவன் வண்டியை நிறுத்தினான். "எறங்கு" என்றான். இறங்கினேன். பூம்பாறை வரை மழையில் நடந்தேன். அவ்வளவுதான், இனி அவன் மருந்து வாங்கக்கூட வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். நம் வேலையில் மிகவும் பயமான இடம் அது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரைத் தொலைத்துவிடுவோமோ என்கிற பயம்.

இரண்டு மூன்று நாள் கழித்து அவனே போன் செய்தான். "ஞாயித்துக்கெழம வேண்டாம், கூட்டமா இருக்கும். திங்கக்கெழம மத்தியானம் அந்தப் பொண்ண ஏரிக்கரைக்கு வரச் சொல்லியிருக்கேன். ஆஸ்பத்திரிக்கெல்லாம் கூப்பிட முடியாது, பயந்துருவா. நீயும் வா அண்ணே. பக்கத்துல வேண்டாம். நீ எங்கயாச்சும் நின்னாத்தான் நான் சொல்லாம ஓடிப் போகாம இருப்பேன்."

சைக்கிள் வாடகைக்கு விடுகிற இடத்தின் அருகே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். சீசன் இல்லாத நேரம். ஏரியில் இரண்டொரு படகுதான். கொஞ்சம் தள்ளி, பெஞ்சில் தண்டபாணி. கடை ஸ்வெட்டரோடு அந்தப் பெண் வந்தாள். மெலிந்த பெண், வேகமான நடை. இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். எனக்கு அவர்கள் முதுகுதான் தெரிந்தது. பேச்சு கேட்கவில்லை. வெகுநேரம் அவன் தலை குனிந்தே இருந்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கி, அதில் ஒட்டியிருந்ததைப் படித்தாள். திருப்பித் திருப்பிப் படித்தாள். மூடி சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். எழுந்தாள். ஏதோ சொன்னாள். போய்விட்டாள்.

எனக்கு எழுந்து அவனிடம் ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் குதிரைக்காரர்கள் இருந்தார்கள், காய்கறி மண்டிக்காரர் ஒருவர் சோளக்கதிர் தின்றுகொண்டு நின்றார். நல்லவேளையாக மேகம் இறங்கியது. கொடைக்கானல் மேகம் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உபகாரம். ஏரி மறைந்தது, மண்டிக்காரர் மறைந்தார். போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்பத் தெரியும்னு கேட்டா" என்றான். "பூ வச்ச அன்னைக்கே தெரியுமான்னு கேட்டா. தெரியும்னேன்."

"அப்புறம்?"

"முடியாதுன்னுட்டா. 'நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. மாத்திரைய மட்டும் விட்ராதீங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டா." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நல்ல பொண்ணு அண்ணே."

அதோடு முடிந்திருந்தால் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். அதுவரை எனக்குத் தெரிந்த பாடம்தான். அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும், எதிர்பார்க்கவில்லை.

அவள் சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். வீட்டில் போய், "எனக்குப் பிடிக்கல" என்ற ஒரு வார்த்தை தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. பூ வைத்தபின் ஒரு பெண் பிடிக்கவில்லை என்றால் மலையில் என்ன பேசுவார்கள்? கொடைக்கானலில் வேலை பார்க்கிறவள், அங்கே எவனோ இருக்கிறான் என்றார்கள். அப்பா அடித்ததாகக் கேள்விப்பட்டேன். இனி வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லிவிட்டாராம். கொடைக்கானலிலேயே ஒரு பெண்கள் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டாள்.

தண்டபாணியின் அம்மா பூம்பாறை பஸ்ஸில் உட்கார்ந்து அவளைக் கெட்ட வார்த்தையால் ஏசினாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவன் என்னைத் தேடி வந்தான்.

"எங்காத்தா அவள வாய்க்கு வந்தபடி பேசுது அண்ணே. நான் பக்கத்துல கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். எல்லாத்தையும் சொல்லிரவா?"

"அத நீதான் முடிவு பண்ணணும். எல்லாத்தையும் சொல்லணும்னு இல்ல. 'நாந்தான் வேண்டாம்னேன்'னு மட்டும் சொல்ல முடியுமா?"

யோசித்தான். சொன்னான். 'கல்யாணத்தை நிறுத்தியது நான்தான், அந்தப் பெண் என் மானத்தைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள்' என்று இரண்டு வீட்டுக்கும் பொதுவான பெரியவர்கள் முன்னால் போய்ச் சொன்னான். அடுக்கத்தில் அவனைச் சட்டையைப் பிடித்தார்கள். பாதிப் பேர் நம்பினார்கள். பாதிப் பேர் அவளைப் பற்றிப் பேசியதை விடவில்லை. ஆனால் அவள் அப்பா கொடைக்கானலுக்கு வந்து, கடை வாசலில் நின்று, மகளை வீட்டுக்குக் கூப்பிட்டாராம்.

நான் அந்தக் கடைக்குப் போனேன். ஒரு சாதாரண வாடிக்கையாளன் போலத்தான். கல்லாப் பக்கம் யாருமில்லை. என்னைப் பார்த்ததும், கூட்டங்களில் பேசுகிற ஆள் என்று அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"எங்கப்பா ஒங்ககிட்ட வந்து கேட்டாராமே" என்றாள், தட்டிலிருந்த சாக்லேட்டுகளை அடுக்கிக்கொண்டே.

நான் கண்ணாடிப் பெட்டியில் இருந்த விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா பூ வச்சிருக்கவே மாட்டாங்க. எனக்கு இந்தப் பேரு வந்திருக்காது. அடி வாங்கியிருக்க மாட்டேன்."

"நான் யாரப் பத்தியும் பேசறதில்ல தாயி" என்றேன். அவளிடமும் அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தெரியும்" என்றாள். "அதத்தான் நானும் இப்பச் செய்யிறேன்."

அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. நான் செய்ததை மாற்றிச் செய்திருக்கவும் முடியாது. இரண்டையும் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது டூரிஸ்ட் குடும்பம் ஒன்று உள்ளே வந்தது. உடனே அவள் குரல் மாறியது. "கால் கிலோவா, அரைக் கிலோவா சார்?"

"கால் கிலோ" என்றேன். பொட்டலத்தை வாங்கும்போது மெதுவாகச் சொன்னேன்: "நம்பிக்கை மையத்துல ஒரு கவுன்சிலரக்கா இருக்காங்க. மனசு கனமா இருந்தா அவங்ககிட்டப் பேசலாம். ஒன் பேரக்கூடச் சொல்ல வேண்டியதில்ல."

தம்பிகளே, தங்கச்சிகளே, இதுதான் நான் உங்களுக்கு எழுத நினைத்த விஷயம். ஒருவரிடம் 'உண்மையைச் சொல்லிவிடு' என்கிறோம். அவர் சொல்லிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று ஃபைலை மூடுகிறோம். கேட்டுக்கொண்ட ஆள் ஒருத்தர் இருக்கிறார். அவர் அந்தச் சுமையை வீட்டுக்குத் தூக்கிப் போகிறார்; யாரிடமும் இறக்கி வைக்க முடியாது. நமக்காவது கூட்டம் உண்டு, மேலதிகாரி உண்டு, சம்பளம் உண்டு. அவருக்கு ஒன்றும் இல்லை. சொல்லப் போகிறவரைத் தயார் செய்யும்போதே, கேட்கப் போகிறவருக்கு அன்று சாயங்காலம் யார் துணை என்று யோசித்துவிடுங்கள்.

அதன்பின் நான் அந்தக் கடைக்கு அடிக்கடி போவேன். "நல்லா இருக்கியாம்மா?" என்பேன். "இருக்கேன் சார்" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. ஒருமுறை மட்டும், "அந்த அக்காவப் போயிப் பாத்தேன்" என்றாள். வாங்கிய சாக்லேட்டை நான் தின்பதில்லை. கூட்டத்துக்கு வரும் லோடுமேன்களுக்குக் கொடுத்துவிடுவேன். திட்டத்தில் புதிதாகச் சாக்லேட் சேர்த்திருக்கிறார்கள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கூட்டத்துக்கு ஆள் கூடியது.

தண்டபாணி மருந்தை விடவில்லை. கொஞ்ச வருடம் கழித்து, அவனைப் போலவே மருந்து சாப்பிடுகிற ஒரு பெண்ணை, கணவனை இழந்தவளை, எச்.ஐ.வி. உள்ளவர்கள் நடத்தும் எங்கள் சங்கத்தின் மூலமாகவே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டான். பழனியில் சின்னதாக நடந்தது. "அண்ணே, நீ இல்லாம எப்படி?" என்று கூப்பிட்டான். கூப்பிடும்போது அவன் கண் என் முகத்தில் நிற்கவில்லை. சொந்தக்காரர்கள் வருவார்கள், நான் போய் நின்றால் ஏன் வந்தான் என்று ஒரு கேள்வி வரும்.

"அன்னைக்கு எனக்கு ஒரு சோலி கெடக்குப்பா. நீ நல்லபடியா முடிச்சுட்டு வா" என்றேன்.

அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்துபோனது. அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நான் வேலையை விட்டு நிற்பதற்குச் சற்று முன்பு ஒருநாள் கடைக்குப் போனபோது வேறொரு பெண் நின்றாள்.

"இங்க இருந்த பொண்ணு?"

"வளர்மதி அக்காவா சார்? அவங்க நின்னுட்டாங்க. கல்யாணம் ஆயிருச்சு. மாப்ள ஊட்டிப் பக்கம். அவங்கப்பாதான் வந்து எல்லாருக்கும் பத்திரிக்க குடுத்தாரு. ரொம்ப சந்தோசமா இருக்காங்க சார், போன் பண்ணுனாங்க. நீங்க அவங்களுக்குச் சொந்தமா?"

"இல்லம்மா. கஸ்டமர்தான்" என்றேன்.

கடையை விட்டு வெளியே வந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இதைக் கேட்டு என்னைப் போலவே சந்தோஷப்படக்கூடிய ஆள் இந்த மலையில் ஒருவன்தான் இருக்கிறான். போனைக் கையில் எடுத்தேன். தண்டபாணியின் நம்பரையும் எடுத்துவிட்டேன். பிறகு யோசித்தேன். அவள் எங்கே வாழ்கிறாள், யாரோடு வாழ்கிறாள் என்பது அவள் விஷயம். அது நல்ல செய்தியாக இருப்பதால் மட்டும் என்னுடையதாகிவிடாது. போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மார்க்கெட்டில் சேமியாவும் பாலும் முந்திரியும் வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்ப் பாயசம் வைத்தேன். ஒரு ஆளுக்குப் பாயசம் வைப்பது கஷ்டம். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மீந்துவிடும். மறுநாள் காலையிலும் அதையேதான் குடித்தேன்.